நடுவுல யாரும் கூடாது

நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் வரும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. கம்பியைப் பிடித்து நின்றவர் அந்தக் கணவரிடம் குனிந்து கேட்டார்.

"கவுன்சிலரே, நம்ம கட்சி ஜெயிச்சா டெல்லி பணம் நேரா முனிசிபாலிட்டிக்கே வந்துடுமாமே, நெசமாவா?"

"பின்ன? தலைவரே மேடையில சொல்லிட்டாரு. ஆளாளுக்குக் கிள்ளிக்கிட்டு மிச்சத்த நமக்கு அனுப்புற கதையெல்லாம் இனி கெடையாது. நடுவுல ஒருத்தரும் இருக்கக் கூடாது."

"அப்ப செராமிக் கம்பெனி பின்னால எங்க தெருவுக்குச் சாக்கடை வந்துடும்னு சொல்லுங்க. மழை பேஞ்சா வூட்டுக்குள்ள தண்ணி வருது."

"பாக்கலாம். மொதல்ல எங்க தெருவுக்கு சிமெண்ட் ரோடு போடணும்."

ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அந்தம்மா அப்போதுதான் திரும்பினார்.

"ஏங்க, லேடீஸ் வார்டுன்னு நின்னு ஜெயிச்சது நானு. ஊரு ஒங்களத்தான் கவுன்சிலருன்னு கூப்புடுது. மீட்டிங்குல பேசுறதும் நீங்க. கையெழுத்துக்கு மட்டும் நானு."

"இப்ப எதுக்குடி அது? பஸ்ஸுல..."

"நடுவுல யாரும் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப நடுவுல ஒக்காந்திருக்கறது யாரு? செத்த எந்திரிங்க. சாக்கடையப் பத்தி அவருகிட்ட நான் பேசணும்."