கதையில் காணாமல் போன பெண்

வாலாஜாபாத் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு நெசவாளியும், கண்ணாடி போட்ட ஓர் இளைஞரும் உட்கார்ந்திருந்தார்கள். நெசவாளி எழுதிய கதை இளைஞரின் மடியில் இருந்தது. அவர் கையில் சிவப்புப் பென்சில்.

"அண்ணே, கதையில பொண்ணையே காணோமே!"

"மொதல் பக்கத்துலயே வந்து நிக்கிறாளேபா."

"புடவைதான் வந்து நிக்குது. கரைக்கு ரெண்டு பக்கம், முந்தானைக்கு ரெண்டு பக்கம். மூஞ்சி எங்க?"

நெசவாளி தலையைச் சொறிந்தார். "இருபது வருசமா புடவையைத்தான் பாத்துக்கினு இருக்கேன். கட்டிக்கினவங்களை எங்க பாத்தேன்? அதான் ரெண்டு பத்திரிகைக்காரனும் திருப்பி அனுப்பிட்டான் போல."

"இந்த நாலு பக்கத்தையும் அடிச்சிடட்டுமா?"

"காசு வேணாம், சும்மாவே திருத்தித் தரேன்னு நீ சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான்." தாளைப் பிடுங்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். "சரி, அடி. இன்னொரு வாட்டி திரும்பி வந்தா என் பொண்டாட்டி அதை வெச்சே அடுப்பு பத்த வெச்சிடுவா. முந்தானையை மட்டும் விட்டுடுபா."

"அவ அதுல கண்ணைத் தொடைச்சிக்கினா விட்டுடறேன்."

"அழறாளா? எதுக்கு அழறா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்கதானே எழுதணும்."

நெசவாளி மெல்லத் திரும்பி, பஸ்ஸில் இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். நான் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த மூஞ்சியை வைத்தால் அந்தக் கதை மறுபடியும் திரும்பி வந்துவிடும்.