வேம்பு இருந்த இடம்

எனக்குப் பஸ் பயணம் ஒத்துக்கொள்வதில்லை. நன்னிலம் போவதற்குள்ளேயே குமட்டும். அதனால் ஊர் விசாரணை என்றால் வெறும் வயிற்றோடு போய், வெயில் தாழ்வதற்குள் திரும்பிவிடுவேன். செல்லதுரை விஷயத்திலும் அப்படித்தான் போனேன். முதலிலிருந்து சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

நான் நன்னடத்தை அலுவலர். ஆயுள் கைதியை முன்கூட்டியே விடுவிக்க அரசு யோசித்தால், அவன் வெளியே வந்து மறுபடி யாரையாவது வெட்டுவானா என்று விசாரித்துச் சொல்வது என் வேலை. என் கணிப்பு தப்பாது என்று மேலிடத்தில் பெயர் இருந்தது.

செல்லதுரை ஒரு பண்ணையின் காரியக்காரன். அறுப்புக் கூலித் தகராறில், வயலில் சிவப்புக் கொடி நட்ட கண்ணுசாமியை வெட்டிக் கொன்றவன். கண்ணுசாமியின் மனைவி வேம்பு அதைப் பார்த்தாள். கோர்ட்டில் கையை நீட்டி அடையாளம் காட்டினாள். அந்த ஒரு சாட்சியில்தான் அவன் உள்ளே போனான்.

பண்ணையார் வீட்டில் காபி கொடுத்தார்கள். "தங்கமான பையன் சார். அன்னைக்கு ஏதோ வேகத்துல நடந்துபோச்சு" என்றார் பண்ணையார். அந்தத் தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் குடிசைகளுக்கு நான் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நான் ஊருக்கு வந்துபோனதைக் கேள்விப்பட்டு, சில நாள் கழித்து வேம்புவே அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவன வுட்றாதீங்கய்யா. கோர்ட்டுலேருந்து கூட்டிட்டுப் போறப்ப, வெளிய வந்து பேசிக்கிறேன்னு என்னப் பாத்துச் சொல்லிட்டுப் போனான்."

"கோவத்துல சொல்றதும்மா அதெல்லாம். நான் பாத்துக்கறேன்."

அவள் நகரவில்லை. "அப்படியே வுடுறதா இருந்தா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வுடுங்கய்யா. முத்துப்பேட்டையில ஜன்னத் பீவி அம்மா தென்னந்தோப்புல கீத்து முடையிறேன். அங்க என் பேரு காத்தாயி. என் தம்பி ரெத்தினத்தத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. ஒங்கள நம்பித்தான் சொல்றேன்."

சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

பிறகு சிறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் செல்லதுரை எழுந்து, என் குடையை வாங்கி மூலையில் சாய்த்து வைத்தான். பிரயாணம் எப்படி இருந்தது என்று விசாரித்தான். தணிந்த குரல். எங்கள் தெருப் பிள்ளைகளில் ஒருவனைப் போல இருந்தான். வேம்புவைப் பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒருவன் மனதில் வன்மம் இருக்கிறதா என்று அறிய எனக்கு ஒரு வழி உண்டு. அவனுக்கு ஆகாதவர்களைப் பற்றிப் பேச்சோடு பேச்சாக எடுப்பேன், முகத்தைக் கவனிப்பேன். தாடை இறுகும், அல்லது விரல் மடங்கும். வேம்பு வந்துபோனதைச் சொன்னேன். "பாவம் சார் அந்தப் பொம்பள" என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஆட்சேபணை இல்லை என்று எழுதினேன். அவனை விட்டுவிட்டார்கள்.

வேம்புவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மறந்துபோனேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். சொல்லி அனுப்பினால், ஆபத்தில்லை என்று எழுதியவனே அதை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

தோப்பில் கீற்று முடைந்துகொண்டிருந்தவளை அவன் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றிருக்கிறான். "காத்தாயி யாருக்கு என்னம்மா கெடுதல் பண்ணுனா?" என்று ஜன்னத் பீவி எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

அவள் இடத்தை யார் காட்டிக் கொடுத்தது என்று ரெத்தினத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன், முகம் வீங்கியிருந்தது. அவனை அனுப்பிவிடுங்கள். அவன் சொல்லவில்லை.

செல்லதுரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உஷாராகியிருப்பேன். அவன் அவ்வளவு அமைதியாக இருந்ததால், இன்னும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம் என்று, தோப்பு யாருடையது, அங்கே அவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் நானாகத்தான் சொன்னேன்.

உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, சார். ஆனாலும் என் கணிப்பை முழுத் தப்பு என்று எழுதிவிடாதீர்கள். வெளியே வந்தவன் அவளைத் தவிர வேறு யார்மேலும் கை வைக்கவில்லை.