கேட்ட விலைக்குக் கிடைத்த துணி

இரவு மணி ஒன்றே கால். திருவாடானை தாண்டித் தொண்டிக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்... எதிரில் ஒரு லாரிகூட இல்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காளிராஜ், நீயும்தான். இதை நான் சத்தம் போட்டுச் சொல்லப் போவதில்லை.

காரை ஓட்டியவன் ஹமீது சுல்தான். என் கூட்டாளி ரிஃபாயின் தங்கச்சி அம்ரீனைக் கட்டியவன். துபாயில் வேலை. ரிஃபாயின் கடைசித் தங்கச்சிக்குக் கல்யாணம் என்று குடும்பத்தோடு வந்திருந்தான். பக்கத்தில் அம்ரீன். பின் சீட்டில், ஜவுளிப் பைகளுக்கு நடுவே, ஏழு வயது மகள் சுஹா. நல்ல தூக்கம். பகல் முழுக்க மதுரையில் கடை ஏறி இறங்கி, கறிதோசையும் ஜிகர்தண்டாவும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

அம்ரீனைப் பற்றி ஒரு வார்த்தை. நான் துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவன், சொல்கிறேன். அவள் படியேறுவதைப் பார்த்தால் கல்லாவில் இருக்கிறவன் தொழப் போய்விடுவான். அன்றைக்கு ஒரு பட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறாள். கடைக்காரன் விலையைக் குறைத்தது பேரத்துக்குப் பணிந்து அல்ல, வீட்டுக்குப் போக வேண்டுமே என்று.

அவ்வளவு வாங்கியும் ஒன்றை மறந்துவிட்டார்கள். சீர்த் தட்டுகளை மூட வெள்ளைத் துணி.

"அய்யோ, மறந்துட்டோமேங்க!" என்று அவள் சொல்லி முடிக்கவில்லை... கருவேலங்காட்டை ஒட்டி ஒரு வெளிச்சம். தகரக் கொட்டகை. ஒற்றை பல்பு. அதன் கீழே கட்டுக் கட்டாக வெள்ளைத் துணி. வேறு நிறமே இல்லை.

இந்நேரத்தில் எவன் கடை திறப்பான்? ஹமீதுக்கு அப்படித் தோன்றியது. இந்நேரத்தில் திறந்து வைத்திருக்கிறவன் விலையைக் குறைப்பான். அம்ரீனுக்கு இப்படித் தோன்றியது.

இறங்கிவிட்டாள்.

உள்ளே ஒரு பெரியவர். தலையில் வெள்ளைத் தொப்பி. முகம் நிழலில். கற்பூர வாசம் அடித்தது. அதோடு, புதிதாகத் தோண்டிய ஈர மண் வாசம். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"என்ன விலை பாய்?"

"நீங்களே சொல்லுங்க தாயி."

அவள் ஒரு விலை சொன்னாள். அடிமாட்டு விலை. நானாக இருந்தால் ஷட்டரை இறக்கியிருப்பேன்.

"எடுத்துக்கிருங்க."

அவ்வளவுதான். 'கட்டுபடியாகாதும்மா' இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கேட்ட விலைக்குக் கடைக்காரன் தந்துவிட்டால் வாங்கியே ஆக வேண்டும். பின்வாங்கினால் வாக்குத் தவறியவன். இன்னொன்று... எதற்கு வேண்டுமானாலும் பேரம் பேசுவோம், ஒன்றைத் தவிர. இறந்தவரைச் சுற்றுகிற கஃபன் துணி. அதற்கு மட்டும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் வந்துவிடுவோம்.

பெரியவர் அளவுகோலை எடுக்கவில்லை. துணியின் நுனியைப் பிடித்தபடி காரை நோக்கி வந்தார். வெறுங்கால். சரளைக்கல்லில் சத்தமே இல்லை. பின் கதவு திறந்தது... தூங்குகிற பிள்ளையின் மேல், உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் விரித்தார்.

"தலைமாட்டுல ஒரு சாண்... கால்மாட்டுல ஒரு சாண்... முடிச்சுப் போடணும்ல."

ஹமீது சாவியைத் திருகினான். டிக்... டிக்... எஞ்சின் எடுக்கவில்லை. திரும்பி, துணியைப் பிடித்து இழுத்தான். ஈரச் சுவரைப் பிடித்து இழுத்தது போல இருந்ததாம். அசையவில்லை. பிள்ளையின் மூக்குக்கு மேலே மட்டும் துணி ஏறியது... இறங்கியது... ஏறியது... அடுத்த தடவை ஏற ரொம்ப நேரம் பிடித்தது.

"வேணாம் பாய்! எங்களுக்கு வேணவே வேணாம்!" அம்ரீன் கதறினாள்.

"கேட்ட விலைக்குத் தந்தாச்சே தாயி."

அப்போது ஹமீது வாயில் வந்தது, கடைக்கு வருகிற எல்லோரும் சொல்கிற பொய்.

"எடுத்து வைங்க பாய். ஒரு சுத்து சுத்திட்டு வந்து வாங்கிக்கிறோம்."

பெரியவர் சிரித்தார்.

"எல்லாருந்தான் அப்படிச் சொல்றாக. சரி... யாரு பேருல எடுத்து வைக்க?"

துணி இப்போது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஹமீது ஒரு பெயரைச் சொன்னான்.

துணி வழுக்கிக்கொண்டு போனது. சுஹா இருமினாள். "அத்தா... தண்ணி."

"ஓ, அவுகளா?" என்றார் பெரியவர். "ஆளு வளத்தியாச்சே. நீளமாக் கிழிக்கணும்."

அம்ரீன் ஏறியதும் எஞ்சின் எடுத்தது. பின்னால் துணி கிழிகிற சத்தம்... சர்ர்ர்ர்... தொண்டியில் முதல் தெருவிளக்கு தெரிகிற வரைக்கும் நிற்கவில்லையாம். ஒரே துணி. ஒரே கிழிசல்.

மறுநாள் போய் அந்தக் கடையைத் தேடினார்களா என்று கேட்காதீர்கள். புத்தியுள்ளவன் போவானா?

"ஏலே, அதெல்லாம் கிடக்கட்டும். யாரு பேரைச் சொன்னாராம்?"

அதைத்தான் காளிராஜ், நானும் கேட்டேன். நிக்காஹ் முடிந்த அன்றைக்கு ஊரே பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்திருந்தது. ஹமீது மட்டும் சாப்பிடவில்லை. மூங்கிலில் தலை இடிக்காமல் குனிந்து வந்த என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் இவ்வளவையும் சொன்னான். ரிஃபாயிடம்கூடச் சொல்லவில்லையாம். அவனுக்குச் சொந்தமும் இல்லாத என்னிடம் மட்டும் எதற்காகச் சொல்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

"யாரு பேரைப்பா சொன்னே?" என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

"என்னைய மன்னிச்சுப் பொருந்திக்க மச்சான்."