ரெம்பியா பட்டறை இயந்திரத்தை நிறுத்தக் கேட்டு ஹரிதாஸ் அளித்த வாக்குமூலம்

பெயர்: ஹரிதாஸ் த/பெ சிவசாமி. வயது: 34. தொழில்: தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பு டெக்னீஷியன். முகவரி: புக்கிட் பெருவாங், மலாக்கா. நாள்: 27.10.2025, திங்கட்கிழமை, காலை மணி 10.40. தமிழில் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டவர்: காவல் நிலைய சார்ஜன் தினேஷ்வரன்.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. ரெம்பியாவில் யுகேந்திரன் என்பவரின் மரச் செதுக்குப் பட்டறையில் ஓடும் இயந்திரத்தை யாராவது போய் நிறுத்த வேண்டும் என்று கேட்கவே நானாக வந்தேன்.

வேலை நேரம் போக, கணினியால் இயங்கும் செதுக்கு இயந்திரங்களுக்கான ஃபர்ம்வேர் ஒன்றுக்கு ஆறு வருடமாக எழுதி வருகிறேன். ஃபர்ம்வேர் என்பது இயந்திரத்துக்குள்ளேயே இருந்து அதன் மோட்டார்களை ஓட்டும் நிரல். இது திறந்த மூல நிரல், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் புரோப் என்ற பகுதி முழுக்க நான் எழுதியது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

புரோப் என்றால் என்ன என்று சார்ஜன் கேட்டதற்கு நான் சொன்னதாவது: மரத்தின் மேல்மட்டம் எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதற்காக மரத்தின் மேல் ஒயர் பொருத்திய ஒரு சிறிய உலோகத் தகட்டை வைப்போம். செதுக்கும் ஊசியில் ஒரு கிளிப்பை மாட்டுவோம். ஊசி மெல்ல இறங்கி, தகட்டைத் தொட்டவுடன் மின்சாரம் பாயும், இயந்திரம் நின்றுவிடும். மின்சாரம் பாயாவிட்டால் ஊசி தகட்டைத் தொட்டும் நிற்காமல் அழுத்திக்கொண்டே போகும். இதற்காக ஒவ்வொரு முறையும் இயந்திரம் திரையில் கேட்கும்படி நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். முதலில் தகட்டைக் கையால் தூக்கி ஊசியில் ஒரு முறை தொட்டுக் காட்ட வேண்டும், அப்போது மின்சாரம் பாய்ந்தால்தான் ஊசி இறங்கும்.

யுகேந்திரன் அண்ணனுக்கு வயது 41. எஸ்டேட்டில் எங்களுக்குப் பக்கத்து வீடு. கோயில் பெயர்ப் பலகை, கதவு வேலை எல்லாம் செய்பவர். அவருடைய இயந்திரத்தில் ஃபர்ம்வேர் ஏற்றிக் கொடுத்தது நான். கடந்த ஜூன் மாதம் அவர் என்னிடம், "ஒரு நாளைக்கு முப்பது தடவ தொட்டுக் காட்டு, தொட்டுக் காட்டுன்னு கேக்குதுடா. என்னா, என் மாமியாரா அது? எடுத்து விட்ரு லா," என்றார். நான் சிரித்தேன். இணையத்தில் வேறு மூவரும் இதையே கேட்டிருந்தார்கள். அதன் பிறகு அந்தக் கேள்வியை, வேண்டுமென்றால் மட்டும் வரும்படி மாற்றி, புதிய பதிப்பை வெளியிட்டு, அவர் இயந்திரத்திலும் ஏற்றினேன்.

அக்டோபர் முதல் தேதி ஆயுத பூசைக்கு நான் பட்டறைக்குப் போனேன். எல்லாச் சாமான்களுக்கும் அண்ணன் பொட்டு வைத்தார். தொடு தகட்டை மட்டும் என் கையில் கொடுத்து, "இது ஒன்னோட சாமான், நீயே வை," என்றார். நான் சந்தனத்தில் விபூதி குழைத்து இருபது காசு நாணயத்தின் அகலத்துக்கு, தடிப்பாக, தகட்டின் நடுவில் வைத்து, குங்குமமும் வைத்தேன். பூசையில் வைத்த பொட்டை நாங்கள் துடைப்பதில்லை, தானாக உதிரும்வரை விட்டுவிடுவோம். காய்ந்த சந்தனத்தில் மின்சாரம் பாயாது என்பது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் விஜயதசமி. வேலை தொடங்க நல்ல நாள் என்று காலை ஒன்பது மணிக்கு அண்ணன் இயந்திரத்தை ஓட்டியிருக்கிறார். தகட்டைப் பொட்டு மேலே தெரியும்படிதான் வைத்திருக்கிறார். ஊசி பொட்டின் மேல் இறங்கி, நிற்காமல் அழுத்தியிருக்கிறது. கிளிப் கழன்றுவிட்டதோ என்று அவர் குனிந்து பார்த்தபோது இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த ஊசி ஒடிந்து, ஒரு துண்டு அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. இதை அவர் மனைவி கோமளா அண்ணி சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் கண்ணுக்குப் பார்வை வரவில்லை.

அதன் பிறகு ஐந்தாம் தேதி, கேள்வியைத் திரும்ப வைத்து, யாரும் எடுக்க முடியாதபடி ஒரு பதிப்பு வெளியிட்டேன். பழைய பதிப்பைத் திரும்பப் பெற முடியாதா என்று சார்ஜன் கேட்டார். முடியாது. எந்த நாட்டில், எத்தனை இயந்திரத்தில் அது ஓடுகிறது என்று எனக்கே தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே இயந்திரம் ரெம்பியாவில் இருப்பது.

25ஆம் தேதி சனிக்கிழமை, மடிக்கணினியோடு அங்கே போனேன். கோமளா அண்ணி இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கோயில் பலகை பாதியில் நின்றுபோனதாகச் சொன்னார். கிளிப்பின் ஒயர் பாதி அறுந்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நான் முந்தின வாரம் கொடுத்தனுப்பிய பாதுகாப்புக் கண்ணாடிகள் பிளாஸ்டிக் பையோடு ஆணியில் தொங்கின. ஊசி இறங்கும் ஒவ்வொரு முறையும் அண்ணி குனிந்து பார்த்தார்.

புதிய பதிப்பை ஏற்ற ஐந்து நிமிடம் போதும் என்றேன். கண்ணில் கட்டோடு நாற்காலியில் இருந்த அண்ணன், "இப்ப உள்ளது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ மாத்துனா அப்புறம் என்னா ஆவும்னு எனக்கு எப்டித் தெரியும்? என் மெஷின்ல இனிமே கைய வைக்காத," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போல் இருந்திருக்கும். ஒயரையாவது மாற்றித் தருகிறேன் என்றேன். அண்ணி, "அவரு வேணாங்கிறாரு தம்பி, விடுங்க," என்று என் பையை எடுத்து வாசலில் வைத்தார்.

சார்ஜனிடம் நான், என் மேல் வழக்குப் போட்டாவது அந்த இயந்திரத்தை எடுத்து வாருங்கள் என்று கேட்டேன். நிரலோடு வரும் உரிமப் பத்திரத்தை அவர் வாங்கிப் படித்தார். எந்தச் சேதத்துக்கும் எழுதியவர் பொறுப்பல்ல என்று அதில் உள்ளது. "ஒன் மேல ஒன்னும் இல்ல லா தம்பி. அவங்களும் ரிப்போர்ட் பண்ணல. அவங்க மெஷினு, அவங்க கட. நான் போயி என்னான்னு நிப்பாட்றது?" என்றார். அவர் சொன்னது சரிதான்.

அதன் பிறகு சார்ஜன் அனுமதியோடு, 11.25 மணிக்கு, அவர் முன்னிலையில் கோமளா அண்ணிக்குக் கைப்பேசியில் அழைத்தேன். தகட்டைத் தூக்கி ஒரு முறை ஊசியில் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம், கேட்பார் என்று நினைத்தேன். அவர், "இருங்க தம்பி, தகடு வச்சாச்சு, எறங்குது. அப்புறம் பேசுறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேலே எழுதியுள்ளதைச் சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னதே இது, முழுவதும் உண்மை. இதில் ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னேன். 11.25க்குப் பிறகு அண்ணிக்கு ஆறு முறை அழைத்தேன், அண்ணனுக்கு நான்கு முறை அழைத்தேன். கையொப்பமிடும் இந்த நேரம் 12.10. இருவரும் இன்னும் எடுக்கவில்லை.

(ஒப்பம்) ஹரிதாஸ் த/பெ சிவசாமி