விலக்கு ரோட்டில் ‘ம்’ கொட்டியவள்

ராத்திரி ஒன்பதரை மணி. திருத்தங்கலில் இருந்து வருகிற கடைசி பஸ் ஊர் பிரிகிற விலக்கில் நின்று, ஒரே ஒரு ஆளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து ஊருக்குள் போக ஒரே ரோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். விளக்கு கிடையாது. குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது...

இறங்கியவள் நம் பிரபாகரனுடைய பெரியம்மா மகள், கற்பகவல்லி. பிரபாகரன் இதோ போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் கூட்டிச் சொன்னால் அவனே தடுக்கட்டும்.

கற்பகத்துக்கு அச்சாபீசில் பைண்டிங் வேலை. அட்டை கோணலாகிவிட்டதென்று ஒதுக்கிய புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். இளவட்டங்களுக்கான ரத்தக் காட்டேரிக் கதைகள். ஆளுக்கொரு கதையாகப் பலர் எழுதிய தொகுப்பு. வீட்டில் பிரித்தால் அம்மா கத்துவாள், அதனால் அந்த ரோட்டில்தான் வாசிப்பு. தங்கை ரோஜா பட்டாசுக் கம்பெனியில் இருந்து சாயங்காலமே வந்துவிடுவாள். ராத்திரி அக்காவைக் கூட்டிப்போக விலக்கில் வந்து நிற்பாள். அக்கா செல்போன் வெளிச்சத்தில் சத்தமாக வாசித்துக்கொண்டே நடப்பாள். தங்கை அக்காவின் தூக்குவாளியை வாங்கி ஆட்டிக்கொண்டு “ம்” கொட்டுவாள். கேட்ட கதையை மறுநாள் கம்பெனியில் பட்டாசு செய்கிற ரூமில் கூட வேலை பார்க்கிற பெண்களுக்கு ஒரு வரி விடாமல் ஒப்பிப்பாள்.

“யக்கா, கூப்பிடாம காட்டேரி வீட்டுக்குள்ள வர முடியாதாம்ல? நம்ம ஊருக்கு வந்தா அதுக்குக் கவலையே இல்ல. வாசல்ல எவன் நின்னாலும் வாங்க வாங்கன்னுதான சொல்லுவோம்!” என்று சிரிப்பாள்.

தீபாவளி சீசனில் அந்த ரூம் வெடித்தது. ரோஜாவோடு உள்ளே இருந்தவர்களில் யாரும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி மேலே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கற்பகம் வேலைக்குப் போன முதல் நாள் ராத்திரிதான் நான் ஆரம்பத்தில் சொன்னது. விலக்கில் தனியாக நின்று அழுதாள். என்ன நினைத்தாளோ, பையில் கிடந்த புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்தில் இருந்து வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு பத்தி... இரண்டு பத்தி...

“ம்.”

இடது பக்கம். தோளுக்குப் பக்கத்தில். பட்டாசு மருந்து நெடி... அதோடு தேங்காயெண்ணெய் வாடை. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லாமல் போய்விடுமோ என்று கற்பகம் திரும்பவே இல்லை. விடாமல் வாசித்தாள். ஊர் முகப்பில் விளக்குக் கம்பம் வந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

அதன் பிறகு எல்லா ராத்திரியும் இப்படித்தான். கற்பகம் வாசிப்பைக் குறைத்தாள். ஒரு பக்கம்... அப்புறம் அரைப் பக்கம்... புத்தகம் தீர்ந்தால் தங்கை போய்விடுவாள் என்று அவளுக்குப் பயம். எம்புட்டு இழுத்தும் கடைசிக் கதையின் கடைசிப் பக்கம் வந்துவிட்டது.

அன்றைக்கு அதை வாசிக்காமல் விளக்குக் கம்பத்தடியில் நின்றாள். செத்தவர்களைக் கூப்பிடக் கூடாதென்று அத்தனை கதையிலும் படித்தவள்தான். இருந்தாலும் கூடப் பிறந்தவள் இல்லையா?

“ரோஜா... வீட்டுக்கு வா புள்ள. அம்மா ஒன்னும் சொல்ல மாட்டா. வா.”

கருவேலத்தில் ஒரு இலை அசையவில்லை. பிறகு ரோஜாவின் குரல், மெதுவாக...

“நான் மட்டும் எப்பிடிக்கா வர? இவுகள எங்கன விட்டுட்டு வர?”

அப்போதுதான் கேட்டது. இருட்டுக்குள் ஒரு இருமல். செருப்பைத் தேய்க்கிற சத்தம். இன்னொரு இருமல்... ரோடு நெடுக. இத்தனை நாளும் எல்லாரும் சேர்ந்துதான் கதை கேட்டிருக்கிறார்கள்.

கற்பகம் அழுதுகொண்டே கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தாள். யாரும் “ம்” கொட்டவில்லை. ஒரு குரல் மட்டும் வந்தது. ரோஜாவோடு செத்த அதே ஊர் சுப்புலட்சுமியின் குரல்.

“கதை நல்லாருந்துச்சு தாயி. எம்மக ராத்திரிக்குச் சாப்பிட்டாளான்னு பாத்தியா?”

வெடித்த நாளில் இருந்து அந்த வீட்டுப் பக்கம் கற்பகம் ஒருநாளும் போனதில்லை. தன் தங்கையை நினைத்தே அத்தனை நாளும் ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

காலையில் வேலைக்குப் போகாமல் சுப்புலட்சுமி வீட்டுக்குப் போனாள். நல்ல வெயில். அந்தச் சின்னப் பிள்ளை வாசல்படியில் தனியாக உட்கார்ந்து, சீப்பை வைத்துச் சிக்கு விழுந்த தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கற்பகம் அதன் முன்னால் குத்தவைத்து, சீப்பை வாங்கிக்கொண்டு, “ராத்திரி சாப்பிட்டியா பாப்பா?” என்று கேட்டாள்.

பிள்ளை தலையைத் தூக்கி, கற்பகத்தின் தோளுக்குப் பின்னால், ஆளில்லாத தெருவைப் பார்த்தது.

“சாப்பிட்டேம்மா” என்றது.