வரப்பை நகர்த்தியவன் பேசுகிறேன்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஷேக் நுன்யே அவர்களே! சொல்லால் சண்டையைச் சாய்க்கும் சான்றோர்களே! பிலாத்தே ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் குதிரை வண்டியேறி வந்து, குலித்தோ திடலில் குழுமியிருக்கும் குலத்தோரே! மடியில் மழலையும் மனத்தில் இரக்கமும் ஏந்திய தாய்மார்களே! வானத்தை முட்டும் ஓலைத் தொப்பி அணிந்து, பின்னால் இருப்பவருக்கு மேடையையே மறைத்து நிற்கும் வாலிபச் சிங்கங்களே! உங்கள் அனைவர்மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும்!

நான் எர்பேயோவின் இளைய மகன் கெத்ரோ. முணுமுணுப்பு கேட்கிறது. 'இவனுக்கெல்லாம் மேடையா?' என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். தலைவர் கொஞ்ச நேரம் தந்திருக்கிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் உஸ்மானோவுக்கும் எனக்கும் வரப்புத் தகராறு. வழக்கு எங்கள் சீராவுக்கு, முன்னோர் வகுத்த முறைமன்றத்துக்கு வந்தது. ஆட்டைக் கேட்டதா அவை? இல்லை. மாட்டைக் கேட்டதா? இல்லை. 'வரப்பை நகர்த்தியது நான்தான்' என்று ஒரே ஒரு வாக்கியம் கேட்டது. வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் நின்றேன் நான்!

அன்றே விலக்கி வைத்தீர்கள். யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலையே! கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, காட்டு வேலைக்குக் கூப்பிடவில்லை, சாவு வீட்டில் மையத்துக்குத் தோள்கொடுக்க வந்தவனையும் தள்ளி நிறுத்தினீர்கள். 'போங்கடா, தலைநகரில் பிழைத்துக்கொள்கிறேன்' என்று பஸ் ஏறினேன். பிழைத்தேன் தோழர்களே, பிழைத்தேன், வாழவில்லை!

மெர்காட்டோ சந்தையில் மூட்டை தூக்கினேன். தொப்பியைச் சாக்குக்குள் ஒளித்து வைத்தேன். ஏன்? அதைக் கண்டால் நம்மவர் வந்து, 'யார் மகன் நீ?' என்பார்களே! ஆனால் ஒருநாள், அந்த மனிதக் கடலுக்கு மேலே ஒரு தொப்பி மிதந்து போனது. நம் ஹலாபா இனத்துத் தொப்பி! கால்கள் என்னைக் கேட்காமலே ஓடின. மூட்டையையும் போட்டுவிட்டு ஓடினேன். அம்மாடி, அந்த ஏக்கத்தை எந்த வார்த்தையில் சொல்வேன்!

மிளகாய் விற்க வந்த பெரியவர் அவர். நம் பாஷையில் சலாம் சொன்னேன். உடனே ஆரம்பித்தார்.

"யாரு மவன்டா நீ?"

"ஹசனோ மகன், பெரியவரே. அக்கரை" என்று புளுகினேன்.

"பாட்டன் பேரு?"

சொன்னேன்.

"பூட்டன்?"

திணறினேன். சிரிக்காதீர்கள்! ஏழு தலைமுறை ஒப்பிக்கும் இனத்தில் பிறந்தவன் மூன்றாவதிலேயே முட்டி நின்றேன்.

பெரியவர் குலுங்கிச் சிரித்தார். "அப்பன் பேர இரவல் வாங்கிப்புடலாம்டா தம்பி. பூட்டன் பேர எவன் தருவான்? சரி, உன் பொய்ய நீயே வச்சுக்க. வா, ஒரு வாய் காப்பி குடி."

உப்பும் வெண்ணெயும் போட்ட காப்பி. ஒன்பது ஆண்டு அந்தச் சுவை காணாத நாக்கு அழுதது. ஊர்ச்செய்தி கேட்டேன், உஸ்மானோ என்றொருவரைத் தெரியுமா என்றும் கேட்டேன்.

"அந்தக் கிறுக்கனா? ஊரே வீட்டுச் சுவத்துல சிங்கம் வரையும், குதிர வரையும். அவன் ஓடிப்போன தம்பிய வரையிறான்! மழை பேஞ்சா அழிஞ்சுபோவுது. வெயிலடிச்சா மறுபடி மண்ணக் குழைச்சுக்கிட்டு உக்காந்துடுறான். மூக்குதான் வரவே மாட்டேங்குது. பாத்தா கழுத மாதிரி இருக்கு!"

சிரியுங்கள், சிரியுங்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். எந்தக் கையின் நிலத்தைத் திருடினேனோ, அந்தக் கை என்னை வரைந்துகொண்டிருக்கிறது! நான் பேரை மறைத்தேன், அவர் முகத்தை வரைந்தார். நான் ஊரை விட்டேன், அவர் என்னை விடவில்லை! சொந்தம் என்பது இதுவல்லவென்றால் வேறெது? சீரா வேண்டியது தண்டனையா? இல்லை, என் உண்மை! அதைத் தர எனக்கு ஒன்பது ஆண்டுகள்! என்ன வீம்பு, என்ன வீண்!

ஆகவே, தலைவர் கேட்க, தாய்மார் கேட்க, தரணி கேட்கச் சொல்கிறேன். வரப்பை நகர்த்தியது நான்தான். விடியுமுன் போய், நான்கு உழவுச்சால் அகலம், என் கையால் நகர்த்தினேன். அண்ணன்மீது குற்றம் துளியும் இல்லை. தவறு என்னுடையது!

சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் என் பேச்சு. அண்ணன் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது...

யாரது, பின்வரிசையில்? கொஞ்சம் வழிவிடுங்கள் சிங்கங்களே, தொப்பியை இறக்குங்கள். என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்!

"டேய் கெத்ரோ! மிளகாக் காட்டுல களை மண்டிக் கெடக்குது. ஆள் பத்தல. நாளைக்கு வெள்ளனே வந்து சேரு!"

பெருமக்களே, மன்னியுங்கள். இன்னும் பேசலாம், நேரமும் மிச்சமிருக்கிறது. ஆனால் என் அண்ணன் என்னை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி, அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு ஒரு களைக்கொட்டு வேண்டும், யாராவது கொடுங்கள்.