மூக்கு இருந்த குற்றம்

1957 மார்ச் 9, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து. இலங்கை மலையகத்து வட்டகொடையில் புகையிரதம் ஏறிய ஒருவர், கூடையில் நாய்க்குட்டியுடன் என் எதிரில் அமர்ந்தார். தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் நாய்களைப் பராமரித்தவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"இதுக்கு மூக்கு இருக்குறதுதாங்க குத்தம்" என்றார், அருகிலிருந்த அம்மாளிடம்.

"மூக்கு இல்லாம நாய் ஏதுண்ணே?"

"இதோட தாய்க்கு இல்லீங்களே. புல்டாக். மூஞ்சி சப்பையா இருந்தாத்தான் கொழும்புக் கண்காட்சியில கப்பு குடுப்பாங்க. மூணு கப்பு வாங்கிருச்சு. நாலு படி ஏறினா மூச்சு முட்டிப் படுத்துரும். போன ஈத்துல அத்தனை குட்டியும் மூச்சுத் திணறியே செத்துச்சு."

"அப்ப இது?"

"கூலி ஆளுங்க லயத்து நாய்க்குப் பொறந்த ஒத்தக் குட்டி. நாந்தான் கதவத் தொறந்து விட்டேன். சாதி கெட்டுப்போச்சு, கொன்னு போடுன்னாரு தொரை. முடியாதுங்கன்னு தூக்கிட்டு வந்துட்டேன்."

"ஐயோ, வேலை?"

"போச்சுங்க. இப்ப நான் போற பட்டிப்பொல ஏத்தத்துல இது ஓடுறத வந்து பாருங்க!"

"அது சரி, என்னா சாதின்னு கேட்டா என்னண்ணே சொல்லுவீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூச்சு விடுற சாதின்னு சொல்லுவேன்."

மறுநாள் காலை, ஒரு நூலின் நடையைப் புகழ்ந்து நான் எழுதியிருந்த கட்டுரையை எடுத்து, அதிலிருந்த 'கலப்பற்ற' என்னும் சொல்லைக் கோடிட்டு அடித்தேன்.